திருமடலில் தேடிய மண்

புத்தூரில் எங்கள் பங்கு இல்லத்தின் பின்கட்டில், மாதத்தின் இரண்டாம் ஞாயிறு மாலையில் ஒரு வாசகர் வட்டம் கூடுகின்றது. பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், அரசு மருத்துவமனையில் பணியாற்றிய செவிலியர் இருவர், கல்லூரி மாணவர் சிலர். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015 ஆம் ஆண்டில் வழங்கிய ‘இறைவா உமக்கே புகழ்’ திருமடலை, அதன் பத்தாண்டு நிறைவையொட்டி, 2025 ஆம் ஆண்டில் பத்தி பத்தியாக மீண்டும் வாசித்தோம். முதல் இயலை முடித்த அன்று, இலால்குடிப் பக்கம் உழுது வாழ்ந்து இப்போது வயலூர்ச் சாலையில் மகன் வீட்டு மாடியில் குடியிருக்கும் முதியவர் ஒருவர் கேட்டார்: “தண்ணிக்குத் தனியா ஒரு பகுதி இருக்கு சாமி. பறவை, பூச்சி, மரத்துக்கு ஒண்ணு இருக்கு. மண்ணுக்கு எங்க இருக்கு?”

தேடிப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். மடலைக் கற்பிக்கும் இடத்தில் இருந்தவன் நான். மண்ணுக்கும் ஒரு பகுதி இருக்கத்தான் வேண்டும் என்ற நம்பிக்கையில் அப்படிச் சொன்னேன். ஒரு வாரம் பென்சிலும் கையுமாகத் தேடிய பின்பு தெரிந்தது, பெரியவர் சரியாகத்தான் கேட்டிருக்கிறார் என்று.

முதல் இயல் நம் உலகிற்கு நேர்ந்துவரும் கேடுகளை வரிசையாக எடுத்துரைக்கின்றது. மாசும் பருவநிலை மாற்றமும் முதலில், பின்பு தண்ணீர், அதன் பின் உயிரினங்களின் அழிவு, பின்பு மனித வாழ்வின் சீர்குலைவு. மண்ணுக்குத் தனித் தலைப்பு இல்லை. சொல்லே இல்லை என்று நான் கூறவில்லை. இருபத்திரண்டாம் பத்தியில், செடி விலங்கிற்கு உணவாகி, விலங்கின் கழிவு மீண்டும் செடிக்கு ஊட்டமாகும் வட்டத்தைத் திருத்தந்தை அழகாக வரைந்து, நமது தொழில்முறை அந்த வட்டத்தை மூடக் கற்கவில்லை என்கிறார். முப்பத்து நான்காம் பத்தியில் காளான்களும் புழுக்களும் கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்களும் இடம்பெறுகின்றன. எண்பத்தொன்பதாம் பத்தி, நிலம் பாலையாவதை நம் உடலுக்கு வந்த நோய்போல உணரவேண்டும் என்று, அவரது 2013 ஆம் ஆண்டு ஊக்க மடலிலிருந்து நினைவுகூர்கின்றது. நூற்று நாற்பதில் மண் உருவாவதைப் பற்றி ஒரு சொல். இப்படிச் சில இடங்கள். இருநூற்று நாற்பத்தாறு பத்திகள் கொண்ட மடலில் மண் அங்கும் இங்கும் சிந்திக் கிடக்கின்றதேயன்றி, ஓரிடத்தில் கூடி நிற்கவில்லை. வியப்பு என்னவெனில், ஐக்கிய நாடுகள் அவை உலக மண் ஆண்டு என்று அறிவித்திருந்ததும் அதே 2015 ஆம் ஆண்டுதான்.

இவ்வளவு பெரிய மடலில் ஒரு தலைப்பு விடுபட்டதைப் பெரிதுபடுத்துவது குற்றங்காணும் புத்தி அல்லவா என்று வாசகர் கேட்கலாம். என் மனத்திலும் அந்த ஐயம் எழுந்தது. ஆனால் ஒரு நூல் எதை மைய உருவகமாகத் தேர்ந்துகொள்கின்றதோ, அதுவே வாசகனின் கைகளை எத்திசையில் செலுத்தவேண்டும் என்பதையும் முடிவு செய்துவிடுகின்றது. இம்மடலின் மைய உருவகம் வீடு. உலகம் நமது பொதுவான இல்லம். இல்லம் என்றவுடன் நாம் என்ன செய்கிறோம்? பெருக்குகிறோம், குப்பையைக் கொட்டுகிறோம், வாசலில் செடி வைக்கிறோம். பங்குகளில் நடந்ததும் அதுவே. மரக்கன்று வழங்கினோம், திருவிழாவிற்கு நெகிழிப் பையைத் தடை செய்தோம், மறைக்கல்விப் பிள்ளைகளுக்கு ஓவியப் போட்டி வைத்தோம். இவை நல்லவையே. ஆயினும் பீடத்திற்கு முன்பு அமர்ந்திருந்த உழவர் குடும்பங்கள், இது யாருக்கோ சொல்லப்படும் செய்தி என்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தன. வீட்டிற்கு உயிர் இல்லை. மண்ணுக்கு உண்டு. அது பசிக்கும், மூச்சு முட்டும், சாகும், பேணினால் பிழைத்தும் எழும்.

பருவநிலை மாற்றம் என்பது நம் பகுதி உழவருக்குப் பனிமலை உருகுவதாக வரவில்லை. 2016 ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2017 சனவரியில் தமிழக மாவட்டங்கள் அனைத்தையும் வறட்சி மாவட்டங்களாக அரசு அறிவித்தது. அந்த மார்ச்சு மாதம் திருச்சி வழக்கறிஞர் அய்யாக்கண்ணு தலைமையில் உழவர்கள் மண்டையோடுகளுடன் தில்லியில் அமர்ந்ததை நாடே கண்டது. அடுத்த ஆண்டிலேயே தண்ணீர் மிகுந்துபோயிற்று. 2018 ஆகஸ்டு 22 அன்று முக்கொம்பில் கொள்ளிடத்துப் பழைய மதகுகள் ஒன்பது வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டன. 2024 ஆம் ஆண்டில் சூன் 12 அன்று மேட்டூர் அணையைத் திறக்கத் தண்ணீர் இல்லை. சூலை இறுதியில் அணை நிரம்பி, கொள்ளிடம் கரை புரண்டது. இல்லாமை ஒரு மாதம், மிகுதி மறு மாதம். அணையையும் மழையையும் உழவரால் ஆள முடியாது. அவர் கைக்கு எட்டுவது காலடி மண் ஒன்றே.

அம்மண் எவ்வாறு துணை நிற்கின்றது? மணிகண்டம், மணப்பாறைப் பக்கத்துச் செம்மண் காட்டில் ஒரு கோடை மழைக்குப் பின் நடந்து பார்த்தவர் அறிவார். மூடாக்கு இல்லாத வெற்று மண்ணில் மழைத்துளி சம்மட்டிபோல விழுகின்றது. மண்ணின் பொலபொலப்பான கட்டிகள் உடைந்து, நுண்துகள்கள் துளைகளை அடைத்து, காய்ந்தவுடன் மேலே ஓடுபோல இறுகிவிடுகின்றன. அடுத்த மழை உள்ளே இறங்காமல் ஓடிவிடும். அரையடிக்குக் கீழே தோண்டினால் தூசி பறக்கும். மழை பெய்தும் வறட்சி. அதே நிலத்தில் எருவும் தழையும் சேர்ந்திருந்தால், மக்கிய பொருளும் பூஞ்சை இழைகளும் மண்புழுவின் எச்சமும் துகள்களைப் பசைபோலப் பிணைத்து வைக்கின்றன, துளைகள் திறந்திருக்கின்றன, வெள்ளமும் விரைவில் வடிகின்றது, ஈரமும் சில நாள் கூடுதலாக நிற்கின்றது. அந்தச் சில நாள்தான் கதிர் பால் பிடிப்பதற்கும் பதராய்ப் போவதற்கும் இடையிலுள்ள தூரம்.

மடல் உலகிற்கே பேசுகின்றது, மணிகண்டத்துச் செம்மண்ணுக்கு அன்று என்பதை அறிவேன். ஆனால் அதன் ஆசிரியரின் சொந்தத் துறவறக் குடும்பத்திலேயே இதற்கு ஒரு சான்று இருந்தது. ஆன்றி தெ லொலானியே என்ற பிரெஞ்சு இயேசு சபைக் குரு 1961 முதல் மடகாஸ்கர் தீவில் உழவர்களோடு வாழ்ந்தார். 1983 ஆம் ஆண்டில் பதினைந்து நாள் நாற்றைப் பறித்து நட நேர்ந்தபோது, பயிர் எதிர்பாராத அளவிற்குத் தூர் கட்டியதைக் கண்டார். இளநாற்று, ஒற்றை நாற்று, அகன்ற இடைவெளி, வயலில் தண்ணீரை எப்போதும் கட்டி வைக்காமல் காயவிட்டுப் பாய்ச்சுதல், மண்ணுக்குள் காற்றுப் போகும்படி களைக்கருவி ஓட்டுதல், மக்கிய எரு என்று அவர் வகுத்த முறையே நம் ஊருக்குத் திருந்திய நெல் சாகுபடியாக வந்தது. தண்ணீர் குறைகின்றது, ஓயாமல் நீர் தேங்கிய வயலிலிருந்து எழும் மீத்தேன் வளியும் குறைகின்றது. வேர் மூச்சு விட வேண்டும் என்பதைச் சேற்றில் நின்று கண்டறிந்த ஒரு குருவை, நம் குருமடங்களில் ஒரு வகுப்பிலும் எவரும் எனக்குச் சொல்லவில்லை. வேளாண்மைத் துறை அலுவலர் ஒருவர் சொல்லித்தான் அறிந்தேன்.

விவிலியப் பகுதிக்கு வருவோம். மடலின் இரண்டாம் இயல் தொடக்கநூலை விரிவாக எடுத்தாள்கின்றது. தோட்டத்தைப் பண்படுத்துதல், காத்தல் என்னும் இரு வினைகளையும் அறுபத்தேழாம் பத்தி விளக்கி, மனிதன் உலகை அடக்கியாளப் பிறந்தவன் என்ற பழைய தவறான பொருளைத் தெளிவாக மறுக்கின்றது. இதற்காகவே இம்மடலை நாம் நன்றியுடன் வைத்துக்கொள்ள வேண்டும். எனினும் எபிரேயத்தில் பண்படுத்துதலைக் குறிக்கும் ‘ஆபத்’ என்னும் வினைக்கு ஊழியம் செய்தல் என்பதும் பொருள். பிற இடங்களில் இறைவனுக்குப் பணிபுரிவதையும் அச்சொல்லே குறிக்கின்றது. ‘அதாம்’ என்ற பெயர் ‘அதாமா’ என்ற மண்ணோடு ஒலியால் பிணைந்தது. மண்ணவன் மண்ணுக்கு ஊழியன். மடல் முதல் பக்கத்திலேயே நாம் மண்ணின் தூசியால் ஆனவர்கள் என்று நினைவூட்டுகின்றது. ஊழியம் என்ற பொருளை இன்னும் ஓர் அடி ஆழமாக உழுதிருந்தால், மண் அதன் கையில் அகப்பட்டிருக்கும்.

இதில் குருக்களாகிய எங்கள் பிழையும் குறைவன்று. விதைப்பவர் உவமையை முப்பது ஆண்டுகளாக நான் எப்படி விளக்கி வந்தேன்? வழியோரம் ஓர் ஆள், பாறை ஓர் ஆள், முள் ஓர் ஆள், நல்ல நிலம் ஓர் ஆள் என்று. நிலங்கள் பிறவியிலேயே அப்படி அமைந்தவைபோல. வாசகர் வட்டத்துப் பெரியவர் இதைக் கேட்டால் சிரிப்பார். பாதை என்பது மிதிபட்டு இறுகிய நிலம். மிதிப்பதை நிறுத்திக் கோடை உழவு போட்டால் அது வயல். கல்லைப் பொறுக்கலாம். முள்ளை வேரோடு வாங்கலாம். களர் நிலத்திற்குக்கூட வழி உண்டு. சோடியம் மிகுந்து களிமண் குழைந்து கிடக்கும் நிலத்தில் ஜிப்சம் இட்டு, தண்ணீர் கட்டி வடித்து, தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் முன் மடக்கி உழுவதையும், அம்மண்ணைத் தாங்கும் ‘திருச்சி’ நெல் இரகங்களையும் நமக்கு அருகில் நாவலூர் குட்டப்பட்டு வேளாண்மைக் கல்லூரியினர் எத்தனையோ ஆண்டுகளாகச் சொல்லி வருகின்றனர். நல்ல நிலம் கிடைப்பதன்று, ஆக்கப்படுவது.

மடலில் காணாத மண்ணை நம் மொழியில் எங்கே காணலாம் என்றால், நம்மாழ்வாரிடம் காணலாம். 1938 ஆம் ஆண்டு தஞ்சை மாவட்டம் இளங்காட்டில் பிறந்து, வேளாண்மை பயின்று, கோவில்பட்டி ஆய்வுப் பண்ணையில் வேலை பார்த்து, அங்கு நடக்கும் ஆய்வு மானாவாரி உழவனுக்கு உதவாது என்று 1969 ஆம் ஆண்டில் வெளியேறியவர். அதன் பின் அவர் சேர்ந்த இடம் களக்காட்டில் இயங்கிய அமைதித் தீவுத் திட்டம். அதைத் தொடங்கியவர் 1958 ஆம் ஆண்டு அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற தோமினிக்கன் துறவி டொமினிக் பீர். நம்மாழ்வாரை நாத்திகர் என்றும் மரபுவாதி என்றும் அவரவர் விருப்பப்படி அழைக்கும் நம்மவர், அவரது பாதையின் தொடக்கத்தில் ஒரு கத்தோலிக்கத் துறவியின் திட்டம் இருந்ததை மறந்துவிடுகிறார்கள்.

‘உழவுக்கும் உண்டு வரலாறு’ முதலிய அவரது நூல்கள் எழுத்தாக இருப்பினும் பேச்சாகவே ஒலிக்கின்றன. திண்ணையில் அமர்ந்து கேட்பது போன்ற குறுவாக்கியம், இடையிடையே நையாண்டி. மண்ணுக்கு உணவு கொடு, மண் செடிக்குக் கொடுக்கும் என்பதே அவரது பாடத்தின் சாரம். மூடாக்கு, பலதானிய விதைப்பு, பசுந்தாள் உரம் என்று ஒவ்வொன்றும் கையால் செய்து பார்க்கக் கூடியது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் நாகை மாவட்டத்தில் உப்பேறிய வயல்களை மீட்க அவர் உழவர்களோடு நின்றார். தனது வானகத்தையும் அவர் கடவூர்ப் பகுதியின் வறண்ட நிலத்தில்தான் அமைத்தார். செழித்த நிலத்தைத் தேடிப் போகவில்லை. திருமடல் விரித்துரைப்பதை இவர் மண்வெட்டியை எடுத்துக் காட்டுகிறார்.

ஆனால் அவரையும் அளந்தே படிக்கவேண்டும். முன்னோர் எல்லாம் அறிந்திருந்தனர், வெள்ளையரும் வீரிய விதையும் வந்து கெடுத்தன என்ற ஒரே ஏறுமுகமும் இறங்குமுகமுமான வரலாறு அவர் பேச்சில் உண்டு. அவரது தொண்டர்கள் பேச்சில் அது இரு மடங்கு. முன்னோர் தமக்குள்ளேயே வேறுபட்டுச் சிந்தித்தனர். வள்ளுவர் உழவு அதிகாரத்தில் ஒரு குறளில் புழுதியை நன்கு உலரவிட்டால் எருவே தேவையில்லை என்கிறார். அடுத்த குறளிலேயே உழவைவிட எரு நன்று என்கிறார். இடைவிடாத உழவு வெப்ப நாட்டில் மக்கை எரித்துவிடும் என்று இன்றைய மண்ணியல் சொல்கின்றது. அதே மண்ணியல் கோடை உழவு மழையை உள்ளே வாங்கும் என்றும் சொல்கின்றது. இன்னொன்று: மக்கு ஒரு விழுக்காடு கூடினால் ஏக்கருக்கு இத்தனை ஆயிரம் லிட்டர் கூடுதலாக நிற்கும் என்று மேடைகளில் முழங்கப்படுகின்றது. 2018 ஆம் ஆண்டில் வெளிவந்த உலகளாவிய தொகுப்பாய்வு ஒன்று, பயிருக்குக் கிட்டும் ஈரம் அதனால் சிறிதளவே கூடுகின்றது, மணற்பாங்கான நிலத்தில் சற்று அதிகம் என்று கண்டது. மக்கின் பெரும் நன்மை மழையை உள்ளே விடுவதிலும் வேரை ஆழமாக இறக்குவதிலும் இருக்கின்றது. உண்மையே போதுமான அளவு பெரிதாக இருக்கும்போது அதை ஊத வேண்டியதில்லை. இலங்கையில் 2021 ஆம் ஆண்டு அரசு ஒரே ஆணையில் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்து, நெல்லும் தேயிலையும் வீழ்ந்து, அவ்வாண்டு முடிவதற்குள்ளேயே பின்வாங்கியதே, அதற்கு நம்மாழ்வார் பொறுப்பல்லர். அவர் 2013 திசம்பரில் மறைந்துவிட்டார். ஆனால் மண் ஒரு பருவத்தில் மாறிவிடும் என்று நம்பும் பேச்சுக்கு அது என்றும் ஒரு படிப்பினை.

இவற்றைவிடப் பெரிய குறை ஒன்று எனக்குப் படுகின்றது. நம்மாழ்வார் பேசும்போது எதிரில் நிற்பவர் பெரும்பாலும் நிலத்திற்கு உரியவர். உன் மண்ணுக்கு எரு போடு என்கிறார். நம் பங்குகளில் உழைப்போரில் எத்தனை பேருக்கு ‘உன் மண்’ இருக்கின்றது? இந்த இடத்தில் திருமடல் அவரை முந்திவிடுகின்றது. தொண்ணூற்று நான்காம் பத்தியில் பராகுவாய் ஆயர்களின் குரலாக, உழவன் தன் வீட்டையும் வாழ்வையும் நிறுத்திக்கொள்ளப் போதிய நிலம் அவனது உரிமை என்று அது அறுதியிட்டுப் பேசுகின்றது. எழுபத்தொன்றாம் பத்தி, ஓய்வு ஆண்டையும் விடுதலை ஆண்டையும் நினைவூட்டி, நிலம் எவருக்கும் முற்றுரிமை ஆகாது என்கின்றது. நிலத்தை அறிந்த நூல் மண்ணை மறந்தது. மண்ணை அறிந்த நூல் நிலமற்றவரை மறந்தது.

இதை நூலறிவாக நான் எழுதவில்லை. முன்பு நான் பணியாற்றிய ஒரு சிற்றூர்ப் பங்கிற்கு ஆற்றுப்பாசனத்தில் சில ஏக்கர் நன்செய் இருந்தது. ஆண்டுதோறும் ஆனி மாதத்தில் குத்தகை ஏலம். குறைந்த விலைக்கு எடுத்திருந்த ஒருவர், தொடர்ந்து மூன்றாண்டு தமக்கே வாய்க்க, அந்நிலத்தில் கோடையில் குளத்து வண்டல் அடித்தார்; ஆட்டுக்கிடை போட்டார்; தக்கைப்பூண்டும் கொழுஞ்சியும் விதைத்து மடக்கி உழுதார். நான்காம் ஆண்டு, 2016 ஆம் ஆண்டில், அக்கம்பக்கத்தார் அனைவர் கண்ணிலும் அந்த வயல் பட்டது. ஏலத்தில் வேறொருவர் மிகக் கூடிய தொகைக்குக் கேட்டார். பங்கிற்கு வருமானம் கூடியதென்று நிதிக்குழு மகிழ்ந்தது. மண்ணை ஆக்கியவர் எழுந்து, ஒன்றும் சொல்லாமல், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். அந்த ஏலத்தை நடத்தியவன் நானே. அவ்வாண்டு செப்டம்பர் முதல் நாள், படைப்பைப் பேணுவதற்கான உலக இறைவேண்டல் நாளில், ‘இறைவா உமக்கே புகழ்’ மடலை வைத்து நீண்ட மறையுரை ஆற்றியவனும் நானே. அவர் மூன்றாவது வரிசையில் இருந்தார்.

மடலைக் கையில் வைத்துக்கொண்டே என்னால் அதைச் செய்ய முடிந்தது. இந்த விமரிசனம் முழுவதும் அந்த ஒரு செய்தியிலிருந்துதான் பிறந்தது. மண் ஒரு பருவத்தில் ஆவதில்லை. நம் வெயிலில் மக்கு விரைவில் எரிந்துபோகும். ஆண்டுதோறும் இட்டால்தான் நான்காம், ஐந்தாம் ஆண்டில் நிலம் தாங்கும். ஓராண்டுக் குத்தகையில் இருப்பவரிடம் எரு போடச் சொல்வது, வாடகை வீட்டிற்கு அடித்தளம் தோண்டச் சொல்வது போன்றது. குத்தகைதாரரைக் காக்க 1955 ஆம் ஆண்டிலேயே தமிழகத்தில் சட்டம் வந்தது. அச்சட்டத்திற்கு அஞ்சியே பலர் வாய்மொழியாக, ஆண்டுக்கு ஆள் மாற்றிக் கொடுக்கின்றனர். தனியார் செய்வதைத்தான் நாங்களும் செய்தோம். டெல்டாவின் மண்ணைக் காக்க 2020 ஆம் ஆண்டில் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்திலும் திருச்சி மாவட்டம் சேர்க்கப்படவில்லை. புத்தூரில் உய்யக்கொண்டான் வாய்க்காலின் இரு கரையிலும் இன்று நெல்லைத் தேடினால் கிடைக்காது. வெளியே யாரையும் குறைகூறும் முன்பு, கோயில் நிலங்களின் குத்தகைப் பதிவேட்டைத் திறந்து பார்க்கலாம் என்று தோன்றுகின்றது.

அடுத்த கூட்டத்தில் பெரியவரிடம் பத்தி எண்களை எழுதிய தாளைக் கொடுத்தேன்: 22, 34, 89, 140. கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். “நாலு இடம் இருக்கே சாமி, கொஞ்சமில்ல” என்றார். பிறகு அந்த ஏலத்தைப் பற்றியும் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. “இப்ப அந்த வயல் எப்படி இருக்கு?” என்று மட்டும் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. இந்த ஆனி மாதத்தில் போய்ப் பார்த்துவிட்டு, அப்பங்கில் இப்போதுள்ள அருள்பணியாளரிடம் ஐந்தாண்டுக் குத்தகை பற்றிப் பேசி வரலாம் என்றிருக்கிறேன். பெரியவரும் உடன் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.